பைபர்கிளாஸ் கவுலிங்: வெட்டிப் பொருத்துவது

கவுலிங் என்பது விமான எஞ்சினை மூடும் உறை. அதில் அச்சிலிருந்து ஒட்டிவந்த மெழுகை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, அசிட்டோன் துணியால் துடையுங்கள். கழுவாமல் தேய்த்தால் மெழுகு கீறல்களுக்குள் இறங்கி, பெயின்ட் பிடிக்காது.

மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் கோடு போடுங்கள். கோட்டுக்கு 3 மி.மீ. வெளியே டயமண்ட் சக்கரத்தால் வெட்டுங்கள். ஜிக்சா பல், ஜெல்கோட் எனும் வழவழப்பான மேற்பூச்சைப் பெயர்த்துவிடும். மிச்சத்தைக் கட்டையில் சுற்றிய 80 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். வெறும் விரலால் தேய்த்தால் விளிம்பு அலையலையாகிவிடும். கொஞ்சம் தேய், வைத்துப் பார், மறுபடி தேய்: பொறுமைதான் இங்கே பாதி வேலை.

பெயின்ட் கனத்துக்கும் சேர்த்து இணைப்பில் சுமார் 1 மி.மீ. இடைவெளி விடுங்கள். துளைகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் போட்டு, ஒவ்வொன்றிலும் உடனே கிளிகோ (தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் ஸ்பிரிங் பிடிப்பான்) மாட்டுங்கள். அதிகம் வெட்டிவிட்டீர்களா? எபாக்சியில் பஞ்சிழை கலந்து விளிம்பை வளர்த்து, மறுபடி தேய்க்கலாம்.

பறப்பது கண்ணாடித் தூள். மாஸ்க் இல்லாமல் தொடாதீர்கள்.