செயின்ட் மோரிட்ஸ் போகணும், ஆனா செலவை நினைச்சா பயமா? இப்படி பிளான் பண்ணுங்க

ஸ்விஸ் டூர் போடுற பாதி பேர் செயின்ட் மோரிட்ஸ்னு சொன்னதுமே "அது கோடீஸ்வரங்க ஊருப்பா"ன்னு லிஸ்ட்ல இருந்து தூக்கிடறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தம். அந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே வெயில்தான், வெயிலுக்கு யாரும் காசு வாங்கறதில்ல.

1864ல குல்ம் ஹோட்டல் ஓனர் யோஹானஸ் பாட்ருட், கோடை முடிஞ்சு கிளம்பின இங்கிலீஷ்காரங்ககிட்ட "குளிர்காலத்துல வந்து பாருங்க, வெயில் இல்லன்னா போக வர செலவு என்னோடது"ன்னு பந்தயம் கட்டினாராம். அவங்களும் வந்தாங்க, முகம் கறுக்க கறுக்க வெயில் காய்ஞ்சுட்டு ஈஸ்டர் வரைக்கும் தங்கிட்டுத்தான் போனாங்கன்னு இன்னிக்கும் அங்க சொல்வாங்க. அப்புறம் 1928லயும் 1948லயும் விண்டர் ஒலிம்பிக்ஸே அங்க நடந்துச்சு.

சரி, போறது எப்படி? சூரிச்ல இருந்து கூர்ங்கிற ஊருக்குப் போய் அங்க சின்ன சிவப்பு ட்ரெயின் மாறணும், மொத்தம் மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும். பெரிய கண்ணாடி ஜன்னல் வச்ச டூரிஸ்ட் ட்ரெயின் கிளேசியர் எக்ஸ்பிரஸ்தான் வேணும்னு அடம் பிடிக்காதீங்க, அதுக்கு சீட் ரிசர்வேஷன் காசு தனி, சாதாரண ட்ரெயினும் கூர்ல இருந்து அதே தண்டவாளத்துலதான் போகுது, டூரிஸ்ட்டுக்கான ரயில் பாஸ், அதாவது ஸ்விஸ் டிராவல் பாஸ் இருந்தா அது போதும், ஜன்னலையும் இறக்கிக்கலாம் சில பெட்டியில. கூர்ல ஏறும்போது வலது பக்கம் உக்காருங்க. ஃபிலிசூர் ஸ்டேஷன் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி லாண்ட்வாசர் பாலம் வரும், 65 மீட்டர் உயரம், கல்லுத் தூண் மேல ட்ரெயின் வளைஞ்சு போய் அப்படியே செங்குத்துப் பாறைக்குள்ள இருக்கிற குகையில நுழையும், உங்க ட்ரெயினோட முன்பெட்டி பாறைக்குள்ள மறையறதை நீங்களே ஜன்னல் வழியா பார்ப்பீங்க. அந்த ரூட் 2008ல இருந்து யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல இருக்கு.

தங்கறதுதான் பெரிய செலவு. ஊருக்குள்ள பெரிய ஹோட்டல் பக்கம் போகாம பக்கத்து ஊருங்களான செலரினா, சமேடன், பொன்ட்ரெசினால பாருங்க, எல்லாம் ட்ரெயின்ல கொஞ்ச நேரம்தான், செயின்ட் மோரிட்ஸ்லயே யூத் ஹாஸ்டலும் இருக்கு. சாப்பாட்டுக்கு கோ-ஆப் சூப்பர் மார்க்கெட்ல ரொட்டி, சீஸ், பழம் வாங்கிக்கோங்க, ஆனா பேக்கரில வால்நட் வச்ச எங்கடின் நட் கேக் ஒரு துண்டாவது சாப்பிடுங்க, அதுல மட்டும் கஞ்சத்தனம் வேணாம்.

மே, நவம்பர்ல போகாதீங்க, பாதி ஹோட்டல் மூடியிருக்கும், கேபிள் காரும் நிறைய ஓடாது. என்னைக் கேட்டா பிப்ரவரிதான். ஏரி முழுக்க உறைஞ்சிருக்கும், 1907ல இருந்து அந்த ஐஸ் மேலயே குதிரைப் பந்தயம் நடக்குது. பந்தயம் இல்லாத நாள்லயும் நடக்க அனுமதி கொடுத்திருந்தா இறங்கி நடங்க, அறிவிப்புப் பலகை பார்க்காம மட்டும் கால் வைக்காதீங்க. காலையில பனி பூட்ஸுக்கு அடியில கருக் கருக்னு நொறுங்கும், பத்து மணிக்கு மேல வெயில் ஏற ஏற ஜாக்கெட் ஜிப்பை இறக்கிடுவீங்க, பாட்ருட் எந்த தைரியத்துல பந்தயம் கட்டினார்னு அப்போ புரியும்.

ஊர் சுமார் 1,800 மீட்டர் உயரத்துல இருக்கு, அதனால முதல் நாள் மெதுவா நடங்க, கூலிங் கிளாஸும் சன்ஸ்கிரீனும் கட்டாயம், பனில பட்டு திரும்பி வர்ற வெயில் கண்ணைக் கூசிடும்.