சீனாவின் தொன்மையைக் காணச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீனாவின் வரலாற்றுச் சின்னங்களைக் காணச் செல்வோர் செய்யும் பெரிய தவறு, கண்ணில் படும் பழமை அனைத்தையும் ஒரே காலத்துக்கு உரியதாக எண்ணிவிடுவதுதான். பெருஞ்சுவரே இதற்குச் சான்று. சின் ஷி ஹுவாங் கட்டிய சுவரின் மீது நிற்கிறோம் என்ற நினைப்போடு பெய்ஜிங்கை அடுத்த பாதாலிங் பகுதியில் படம் எடுத்துக்கொள்வோர் பலர். ஆனால் கி.மு. 221-இல் நாட்டை ஒன்றிணைத்த அந்தப் பேரரசர் வடக்கு எல்லையில் எழுப்பியவை பெரும்பாலும் மண்ணை இடித்து இறுக்கிய சுவர்கள். பெய்ஜிங்குக்கு அருகே நாம் ஏறி நடக்கும் கல்லும் செங்கல்லுமான சுவரோ, 1368 முதல் 1644 வரை ஆண்ட மிங் மரபின் காலத்தது. மேற்கே துன்ஹுவாங் பக்கம் செல்வோர், நாணலையும் சரளையையும் மாறி மாறி அடுக்கிக் கட்டிய, சின் மரபுக்குப் பின் ஆண்ட ஹான் மரபின் காலச் சுவரின் எச்சங்களைக் காணலாம். என் கருத்தில், சுவரின் நீளத்தைவிட இந்த வேறுபாடே வியப்புக்குரியது.

பெய்ஜிங்கின் விலக்கப்பட்ட நகரத்தில் நடப்பது வேறொரு தவறு. தெற்கு வாயிலில் நுழைந்து, கூட்டத்தோடு நேராக நடந்து, வடக்கு வாயிலில் வெளியேறிவிட்டால், 1420-இல் கட்டி முடிக்கப்பட்டு மிங், சிங் மரபுகளின் 24 பேரரசர்கள் ஆண்ட அரண்மனையின் முற்றங்களை மட்டுமே பார்த்தவர்களாவோம். அரண்மனையின் முதன்மையான தைஹெ மண்டபத்தின் முன் சற்று நின்று கூரையின் மூலையை அண்ணாந்து பார்க்க வேண்டும். கோழியின் மீது அமர்ந்த மனித உருவம் ஒன்று முன்னே செல்ல, அதன் பின்னால் கூரை விளிம்பில் பத்து உருவங்கள் வரிசையாக அமர்ந்திருக்கும். மற்றக் கட்டடங்களில் இந்த எண்ணிக்கை குறையும். கட்டடத்தின் தகுதியை அதைக் கொண்டே அறியலாம். உள்ளே சென்றால் சியென்சிங் மண்டபத்தின் பெயர்ப்பலகையில் சீன எழுத்துடன் மஞ்சு எழுத்தும் இருப்பதைக் காணலாம். சிங் பேரரசர்கள் மஞ்சு இனத்தவர் என்பதற்கு அது நேரடிச் சான்று. அரண்மனையின் பழைய ஓவியங்களும் பீங்கான்களும் அனைத்தும் அங்கேயே இருக்கும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. அவற்றுள் சிறந்த பல 1948, 1949-ஆம் ஆண்டுகளில் தைவானுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இன்று தைபெய் அருங்காட்சியகத்தில் உள்ளன.

இந்த அரண்மனைக்குத் திங்கட்கிழமை பொதுவாக விடுமுறை. நுழைவுச்சீட்டைப் பாஸ்போர்ட் விவரத்துடன் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அக்டோபர் முதல் வாரத்தில் சீனர்களே விடுமுறையில் பயணம் செய்வதால், அந்நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

சியான் அருகே சின் ஷி ஹுவாங்கின் கல்லறைக்குக் காவலாகப் புதைக்கப்பட்டு 1974-இல் வெளிப்பட்ட சுடுமண் வீரர்களைப் பார்ப்போர், அவர்கள் இப்படியே முழுமையாக, மண் நிறத்தில் புதைந்திருந்தார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஏறக்குறைய அனைத்துமே உடைந்து கிடந்த துண்டுகளை ஒட்டி நிறுத்தப்பட்டவை; ஒரு காலத்தில் பல வண்ணங்கள் பூசப்பட்டிருந்தவை. மண்ணுக்குள்ளிருந்து காற்றுக்கு வந்ததும் வண்ணத்தின் அடியிலிருந்த அரக்குப் பூச்சு உலர்ந்து உரிந்துபோனது. பேரரசரின் கல்லறை மேடு இன்னும் திறக்கப்படாமல் இருப்பதற்கு இத்தகைய இழப்பைப் பற்றிய அச்சமும் ஒரு காரணம்.

பெய்ஜிங், சியான், ஷாங்காய் ஆகியவற்றோடு பயணத்தை முடித்துக்கொள்வதும் பெருங்குறை. தமிழர்கள் தென்கிழக்குக் கடற்கரையிலுள்ள குவான்சோவைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இங்கு வாழ்ந்த தமிழ் வணிகர்கள் சிவனுக்குக் கோயில் எடுத்திருந்தனர். 1281-ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் இவ்வூரில் கிடைத்துள்ளது. 686-இல் நிறுவப்பட்ட கையுவான் பௌத்தக் கோயிலில் நரசிம்மரும் கண்ணனும் செதுக்கப்பட்ட இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன. இன்றும் வழிபாடு நடக்கும் இடம் என்பதால், வாசற்படியை மிதிக்காமல் தாண்டிச் செல்ல வேண்டும். வணங்குவோரை மறித்துப் படம் எடுக்கக் கூடாது. புத்தர்களை வணங்கிவிட்டு முன்வாசல் வழியாகவே திரும்புவோர் அத்தூண்களைக் காணாமலே போய்விடுகிறார்கள். அவை கோயிலின் முதன்மை மண்டபத்தின் பின்புறத்தில் உள்ளன.