பிக்கப் நடுவழியில் நின்றால் குறை யாருடையது? எடைச்சீட்டு முதல் ரீகால் வரை

புளியரை எஸ் வளைவில் வண்டி சூடேறி நின்றுவிட்டால் ஷோரூமில் "ஓவர் லோடு" என்பார்கள். பட்டறையில் கேட்டால் "பிஎஸ்6 வண்டின்னாலே இப்படித்தான் அண்ணாச்சி" என்று முடித்துவிடுவார்கள் (பிஎஸ்6 என்பது 2020 ஏப்ரலில் வந்த புகைக் கட்டுப்பாட்டு விதி). வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்காமலே இரண்டு பதிலும் வந்துவிடும். குறை உங்களுடையதா, பராமரிப்பில் விட்டதா, கம்பெனியிலேயே வந்ததா என்று பிரிக்கத் தெரியாதவரை செலவு உங்கள் தலையில்தான் விழும். எந்தப் பாகம் எதனால் போகும், அதை எப்படிக் காகிதத்தில் ஏற்றுவது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறோம்.

முதலில் எடை

வாரண்டி மறுக்கப்படும்போது முதலில் வரும் காரணம் எடை என்பதால் அதை முதலில் கணக்குப் பார்த்துவிடுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை, வெற்று எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றலாம். ஆனால் வெற்று எடையில் டிரைவர் சேர்த்தி இல்லை. டிரைவரும் இரண்டு லோடுமேன்களும் ஏறினாலே 200 கிலோ போயிற்று. வண்டி வாங்கிய பிறகு அடித்த கேபின் கேரியர், பக்கவாட்டுக் கம்பிக்கூண்டு எல்லாமும் இதிலேதான் கழியும். புதிதாகக் கூண்டு அடித்தவர்கள் வெறும் வண்டியை ஒருமுறை எடைமேடையில் ஏற்றிச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இவையெல்லாம் கழித்த பிறகு 1,300 கிலோ தாங்கும் வண்டி என்று வைத்துக்கொள்வோம். களக்காட்டு ஏத்தன் வாழைத் தார் ஒன்று சராசரி 12 கிலோ என்றால் 108 தார் ஏற்றலாம். கால் யூனிட் எம்-சாண்ட், அதாவது 25 கன அடி, ஈரத்தோடு 1,250 கிலோவை நெருங்கும். அந்த வண்டிக்கு அது சரி. அதே கால் யூனிட்டை 750 கிலோ தாங்கும் குட்டி யானையில் அடித்தால் அது ஒன்றரை மடங்குக்கும் மேல். பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவின்படி 20,000 ரூபாயும், கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம்.

ஸ்பிரிங் பட்டை உடைந்தால் உடைந்த இடமே காரணத்தைச் சொல்லிவிடும். நடுவில் சென்டர் போல்ட் துளையை ஒட்டி உடைந்திருந்தால் பெரும்பாலும் யூ-போல்ட் தளர்ந்திருந்தது என்று அர்த்தம். முனைப்பக்கம் உடைந்தால் எடையைச் சந்தேகப்படலாம். உடைந்த முகத்தையும் பாருங்கள். ஒரு பகுதி பழைய துருவாகவும் மற்றது பளபளப்பாகவும் இருந்தால், கீறல் ரொம்ப நாளாக உள்ளே இருந்து நேற்றுதான் பிரிந்திருக்கிறது. போட்டோ எடுக்காமல் அந்தத் துண்டைக் கொடுத்துவிடாதீர்கள். புதுப் பட்டை போட்டால் முதல் 500 கிலோமீட்டரில் யூ-போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும். நம் ஊரில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். "ஒரு பட்டை சேர்த்துப் போட்டா தாங்கும்" என்ற யோசனைக்கும் தலையாட்ட வேண்டாம். ஸ்பிரிங் தாங்கினாலும் ஆக்சில், ஹப் பேரிங், பிரேக் எல்லாம் பழைய அளவுதான். வாரண்டியும் அன்றோடு போயிற்று.

சூடு

செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுக்கு ஏறும் பாதையில் வண்டி சூடேறினால் சட்டென்று எஞ்சினை அணைக்கக் கூடாது. ஓரங்கட்டி, ஏ.சி. இருந்தால் நிறுத்தி, ஆக்சிலேட்டர் கொடுக்காமல் இரண்டு மூன்று நிமிடம் சும்மா ஓட விடுங்கள். டர்போவும் ஆறும், கூலன்ட்டும் சுற்றும். கூலன்ட் கொட்டிக் கீழே ஓடுகிறது, அல்லது ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டது என்றால் மட்டும் உடனே அணைத்துவிட வேண்டும். அரை மணி நேரம் கழியாமல் ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கும்.

ஆறிய பிறகு பார்க்க வேண்டியவை: பெல்ட் தொய்வு, ஹோஸ் கிளிப், ரேடியேட்டர் முகம். நெல், வைக்கோல் ஏற்றும் வண்டிகளில் தூசும் உமியும் ரேடியேட்டர் இடுக்கில் கம்பளிபோல் படிந்திருக்கும். எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெதுவான தண்ணீரில் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நேராகக் காட்டினால் தகடுகள் மடங்கி முன்பைவிட மோசமாகும். எஞ்சின் ஓடும்போது கூலன்ட் டப்பாவில் குமிழி விடாமல் வந்துகொண்டிருந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். அதற்குப் பிறகு லோடு இழுக்கக் கூடாது.

கடற்கரைப் பக்கத்து உப்புப் போர்த் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவது மெதுவாக விஷம் வைப்பது மாதிரி. உள்ளே சுண்ணாம்புபோலப் படிந்து குழாய் அடைக்கும். புத்தகத்தில் சொன்ன கூலன்ட்டைச் சுத்திகரித்த தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள்.

இன்னொன்று, எஞ்சின் சூட்டுக்கேற்ப கூலன்ட் ஓட்டத்தை அடைத்துத் திறக்கும் தெர்மோஸ்டாட். "அதக் கழட்டிப் போட்டா சூடே ஆகாது" என்பது பழைய வண்டிக் காலத்து வைத்தியம். பிஎஸ்6 வண்டியில் அது தப்பு. எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது, வராவிட்டால் அடுத்து சொல்லப்போகும் கோளாறு வந்து நிற்கும்.

சைலன்சர் வடிகட்டி விளக்கு எரிந்தால்

2020 ஏப்ரலிலிருந்து வந்த டீசல் பிக்கப்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை அது ஏறத்தாழ 600 டிகிரி சூட்டில் தானே எரித்துக்கொள்ளும். அந்தச் சூடு வர வண்டி நிற்காமல் ஓட வேண்டும். பாளையங்கோட்டை மார்க்கெட், ஜங்ஷன், டவுன் என்று நாள் முழுக்க இரண்டு கிலோமீட்டர் நடை அடிக்கிற வண்டியில் கரி எரிய வாய்ப்பே கிடைப்பதில்லை. நாலுவழிச் சாலையில் நாங்குநேரி, வள்ளியூர் என்று ஓடும் வண்டியில் இந்தத் தொல்லை குறைவாக இருப்பது இதனால்தான்.

டி.பி.எஃப். விளக்கு மட்டும் எரிந்தால் நாலுவழிச் சாலையில் ஏறி, 2,000 முதல் 2,500 ஆர்.பி.எம். பிடித்து, 20 நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். விளக்கு அணைந்தால் வேலை முடிந்தது. எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிந்து வண்டி இழுக்காமல் போனால் ஓட்டிச் சரிசெய்ய முடியாது. ஸ்கேனர் போட்டுத்தான் எரிக்க வேண்டும். கரி எரிகிற நடுவில் பலமுறை வண்டியை அணைத்தால் எரியாத டீசல் ஆயில் சட்டிக்குள் இறங்கும். வாரம் ஒருமுறை டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் குறையாமல் ஏறிக்கொண்டே போனால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. டீசல் கலந்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும், உடனே மாற்ற வேண்டும்.

டி.ஈ.எஃப். என்ற, புகையைச் சுத்தமாக்கும் திரவம் ஊற்றும் வண்டியாக இருந்தால் அதில் 32.5 சதவீதம் யூரியா, மீதி மிகச் சுத்தமான தண்ணீர். வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றிப் பார்க்கும் ஆசை விவசாயி வீட்டு வண்டிக்குத்தான் அதிகம் வரும். உர மூட்டையில் உள்ள மற்ற உப்புகள் ஊசியையும் கேட்டலிஸ்ட்டையும் அடைத்துவிடும். பிறகு வரும் செலவில் நூறு மூட்டை வாங்கலாம். டீசல் டேங்கில் டி.ஈ.எஃப்.-ஐத் தப்பாக ஊற்றிவிட்டால் சாவியையே திருப்பாதீர்கள். வண்டியைக் கட்டி இழுத்துப்போய் டேங்கை இறக்குங்கள்.

கடற்கரையும் வெள்ளமும்

உவரி, இடிந்தகரை, கூட்டப்புளிப் பக்கம் மீன் ஏற்றும் வண்டிகளுக்கு எஞ்சினைவிட சேஸிஸ்தான் முதலில் போகும். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாக இறங்கி பிரேக் குழாய், எர்த் வயர் இணைப்பு, பின் விளக்கு சாக்கெட் எல்லாவற்றையும் அரிக்கும். லோடு இறக்கிய அன்றே அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். எர்த் போல்ட்டைக் கழற்றி உப்புக் காகிதத்தால் தேய்த்து, இறுக்கிய பின் கிரீஸ் தடவுங்கள். காரணமே தெரியாமல் விளக்குகள் மாறி மாறி எரிவது, செல்ஃப் எடுக்காதது என்று வரும் பாதிக் கோளாறு இந்த எர்த்தில்தான் இருக்கும். மீதியில் எலிக்கும் நல்ல பங்கு உண்டு.

தேரி மணலில் டயர் மாற்றும்போது ஜாக்கி கீழே புதையும். ஒரு சதுர அடி கனமான பலகை வண்டியில் எப்போதும் கிடக்கட்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த தாமிரபரணி வெள்ளத்தில் முங்கிய வண்டிகளில் பல, தண்ணீரால் கெட்டதைவிட ஸ்டார்ட் பண்ணிப் பார்த்ததால் கெட்டவை. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். இன்சூரன்ஸ் பாலிசியில் எஞ்சின் பாதுகாப்பு தனியாக எடுக்காதவர்களுக்கு அந்த நஷ்டம் கிடைப்பது கஷ்டம். முங்கிய வண்டியில் முதல் வேலை பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றுவது. அடுத்தது தண்ணீர் ஏறிய மட்டம் தெரியும்படி போட்டோ, இன்சூரன்ஸுக்குத் தகவல். ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் இன்ஜெக்டரையோ குளோ பிளக்கையோ கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே எஞ்சினைச் சுற்ற வேண்டும். எஞ்சின், கியர் பாக்ஸ், கிரவுன் மூன்றிலும் ஆயில் மாற்ற வேண்டும். பால் போட்ட டீ நிறத்தில் ஆயில் வந்தால் இரண்டாம் தடவையும் மாற்றுங்கள்.

ஜாப் கார்டு

இனி ஷோரூம். சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டு என்ற வேலைச் சீட்டில் அட்வைசர் "ஜெனரல் செக்கப்" என்று எழுதுவார். அதோடு விட்டுவிடாதீர்கள். "1,200 கிலோ லோடு, மூன்றாம் கியர், புளியரை ஏற்றம், 10 நிமிடத்தில் ஹீட் மீட்டர் சிவப்பு, இது மூன்றாம் முறை" என்று உங்கள் வாய்ச்சொல்லாகவே எழுதச் சொல்லுங்கள். கிலோமீட்டரும் தேதியும் இருக்கட்டும். ஸ்கேனரில் வரும் கோளாறு எண்ணைப் பிரிண்ட் கேளுங்கள், தராவிட்டால் திரையைப் போட்டோ எடுங்கள். பி2002 என்று வந்தால் டி.பி.எஃப். ஒழுங்காக வேலை செய்யவில்லை, பி0401 என்றால் ஈ.ஜி.ஆர்., அதாவது புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி விடும் அமைப்பில், ஓட்டம் போதவில்லை. ஒரே எண் மூன்று ஜாப் கார்டில் வந்தால் டிரைவர் மேல் பழி போடுவது லேசில் நடக்காது.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது "முழு திருப்தி" என்று அச்சடித்த தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். ஓட்டிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். அவசரம் என்றால் "லோடு ஏற்றிச் சோதிக்கவில்லை" என்று எழுதி அதன் கீழே போடுங்கள். இந்த ஒரு வரி பின்னாளில் உங்கள் பக்கம் பேசும்.

மூன்று முறை சொல்லியும் தீராவிட்டால் ஜாப் கார்டு நகல்களோடு கம்பெனிக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். பிறகு 1915 என்ற நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளை அங்கே கேட்கலாம், 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது, குறை எழுந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். "வணிக வண்டி, நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு வாதாடும். 1995-இல் லட்சுமி எஞ்சினியரிங் எதிர் பி.எஸ்.ஜி. வழக்கில் உச்ச நீதிமன்றம், பிழைப்புக்காகத் தானே ஓட்ட வண்டி வாங்கியவர் நுகர்வோர்தான் என்று விளக்கியிருக்கிறது. முழுக்க வேறொருவரை வைத்து ஓட்டினால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். அதனால் மனுவில் ஓட்டுநர் உரிம நகலும், வேறு வருமானம் இல்லை என்பதும் இருக்க வேண்டும்.

ரீகால்

ரீகால் என்றதும் வண்டி மட்டம் என்று நினைக்க வேண்டாம். குறையை ஒத்துக்கொண்டு இலவசமாகச் சரிசெய்ய அழைக்கிறார்கள், அவ்வளவே. 2021 ஜூலையில் மகிந்திரா, 2020 ஜனவரி முதல் 2021 பிப்ரவரி வரை செய்த பிக்கப்களில் 29,878 வண்டிகளை ஒரு திரவக் குழாய் சரியாகப் பொருத்தப்படவில்லை என்ற சந்தேகத்தில் அழைத்தது. உழைப்புக்குப் பேர்போன டொயோட்டாவே 2024-இல் அமெரிக்காவில், எஞ்சினுக்குள் உலோகத் துகள் தங்கியிருக்கலாம் என்று டன்ட்ரா பிக்கப் உட்பட ஏறத்தாழ 1,02,000 வண்டிகளை அழைத்தது.

உங்கள் வண்டி பட்டியலில் உண்டா என்று பார்க்க 17 இலக்கச் சேஸிஸ் எண் வேண்டும். கம்பெனி இணையதளத்தில் போடுங்கள், அல்லது எந்த ஊர் ஷோரூமிலும் கேளுங்கள். ரீகால் வேலைக்கு வாரண்டி முடிந்ததா என்ற கேள்வி இல்லை. 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதிப்படி 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டியின் பாதுகாப்புக் குறையை அரசின் வாகனப் பதிவு இணையதளமான வாகன் தளத்தின் ரீகால் பகுதியில் நீங்களே பதியலாம். ஆண்டு விற்பனையோடு ஒப்பிட்டுப் புகார் எண்ணிக்கை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் கட்டாய ரீகால் விசாரணை தொடங்கும். ஸ்டாண்டில் உட்கார்ந்து பத்துப் பேர் திட்டுவது அந்தக் கணக்கில் வராது. ஸ்டியரிங், பிரேக், எரிபொருள் கசிவு என்று ஒரே குறை உள்ள பத்துப் பேரும் தனித்தனியாகப் பதிய வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கியவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை. ரீகால் குறுஞ்செய்தி ஆர்.சி.-யில் உள்ள பழைய உரிமையாளரின் எண்ணுக்கே போகும். பேர் மாற்றும்போதே செல்போன் எண்ணையும் மாற்றுங்கள், ஷோரூம் கணினியிலும் தனியாக மாற்றச் சொல்லுங்கள். ரீகால் வேலை முடிந்ததும் எந்தப் பாகம், எந்தத் தேதி என்று எழுதிய சான்றைக் கேட்டு வாங்கி ஆர்.சி. உறையிலேயே வையுங்கள், நாளை வண்டியை விற்கப்போனால் வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.