லினக்ஸில் இறக்கிய கோப்பைக் காணோமா? கணினியை அணைக்காதீர்கள்

பிரவுசரில் 'சேமி' என்பதற்குப் பதில் 'திற' என்று கொடுத்த கோப்பு பல நேரம் டவுன்லோட்ஸுக்குப் போகாது. தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் அடைவில் உட்கார்ந்துவிடும். ஃபயர்பாக்ஸ் 2022 மார்ச்சில் வந்த 98ஆம் பதிப்பிலிருந்து இதை மாற்றிவிட்டது. பழைய பதிப்புகளிலும் சில மெயில் செயலிகளிலும் இன்னும் இப்படித்தான்.

முதலில் டெர்மினலில் ஃபைண்ட் என்ற தேடல் கட்டளையில், நிமிடக் கணக்கைக் குறிக்கும் எம்மின் தெரிவுக்கு -30 கொடுத்து, உங்கள் ஹோம் அடைவு, டெம்ப் இரண்டையும் தேடுங்கள். கடைசி அரைமணியில் எழுதப்பட்ட கோப்புகள் வரும். பெயரை வைத்துத் தேடாதீர்கள், தற்காலிகப் பெயர் வேறாக இருக்கலாம். உபுண்டுவில் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் பொதியாக, அதாவது மற்றவற்றிலிருந்து பிரித்து ஓடும் வடிவில், வருகிறது. அதன் டெம்ப் தனி: டெம்புக்குள் 'ஸ்னாப்-பிரைவேட்-டெம்ப்' என்ற அடைவு. நிர்வாகி உரிமை தரும் சூடோ கட்டளை இல்லாமல் உள்ளே பார்க்க முடியாது. பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்.

அவசரம் ஏன்? ஃபெடோராவிலும் டெபியன் 13இலும் டெம்ப் இருப்பது ரேமில். மறுதொடக்கம் செய்தால் எல்லாம் போய்விடும். அணைக்காவிட்டாலும், பின்னணிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் வழக்கமான அமைப்பில் 10 நாள் தொடப்படாத கோப்பு தானாக அழிக்கப்படும். 'வார்' அடைவுக்குள் இருக்கும் டெம்புக்கு 30 நாள். மறுதொடக்கத்தையும் அது தாங்கும்.

கோப்பு அழிந்த பிறகும் ஏதாவது செயலி அதைத் திறந்து வைத்திருந்தால் மீட்கலாம். அந்தச் செயலியை மூடவே கூடாது. திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையை, அழிந்தவற்றை மட்டும் காட்டும் +எல்1 தெரிவோடு ஓட்டினால் அந்தச் செயலியின் செயல் எண்ணும் (பிஐடி), அது திறந்து வைத்திருக்கும் கோப்புக்கான எஃப்டி எண்ணும் கிடைக்கும். ப்ராக் அடைவில் அந்தச் செயல் எண்ணுக்குள் எஃப்டி என்ற அடைவு இருக்கும். அதிலுள்ள அதே எண்ணை சிபி கட்டளையால் ஹோமுக்கு நகலெடுங்கள்.