மறுநாளும் பஞ்சு போல இருக்கும் பால் ரொட்டிக்கு ஒரு கரண்டி மாவுக் கஞ்சி

வீட்டில் இனிப்பு பன்னோ பால் ரொட்டியோ சுடும்போது, 300 கிராம் மைதாவில் 20 கிராமை மட்டும் தனியே எடுத்து, 100 மில்லி பாலில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கஞ்சி போலக் காய்ச்சிக்கொள்ளுங்கள். கரண்டியால் கிளறும்போது பாத்திரத்தின் அடியில் கோடு விழுந்தால் இறக்கிவிடலாம். நன்றாக ஆறியதும் மீதி மாவு, ஈஸ்ட், சர்க்கரை, வெண்ணெயுடன் சேர்த்துப் பிசையுங்கள். இந்த மாவும் பாலும் மொத்தக் கணக்கில் அடங்கியவைதான், கூடுதலாகச் சேர்ப்பவை அல்ல.

ஏறத்தாழ 65 டிகிரி சூட்டில் மாவிலுள்ள ஸ்டார்ச் வீங்கி, பச்சை மாவைவிடப் பல மடங்கு ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஈரம் அடுப்பில் எல்லாம் ஆவியாகிப் போகாமல் ரொட்டிக்குள்ளேயே தங்குவதால், இரண்டு மூன்று நாள் ஆனாலும் அது வறண்டு உதிராது. கிழக்கு ஆசியாவில் பால் ரொட்டி சுடுபவர்கள் இதை டாங்ஜோங் என்பார்கள். கடையில் விற்கும் பிரெட் இம்ப்ரூவர் பொடியே தேவையில்லை, அவ்வளவு நல்ல பலன்!

கஞ்சியைச் சூடாக மட்டும் சேர்த்துவிடாதீர்கள், ஈஸ்ட் செத்துவிடும். விரலை வைத்தால் வெதுவெதுப்பு தெரிந்தால் போதும். மாவு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கையில் ஒட்டும், அதற்காக மைதாவை அள்ளிப் போட வேண்டாம். பத்து நிமிடம் பிசைந்தால் தானே சரியாகிவிடும்.

மொறுமொறுப்பான மேலோடு வேண்டிய ரொட்டிக்கும் பீட்சாவுக்கும் இது ஒத்துவராது. சுட்ட சூட்டிலேயே தீர்ந்துபோகும் பன் என்றால் இந்த வேலையே வேண்டாம்.