மயக்கத்துக்கு நரம்பு அப்லேஷன் செய்த பிறகு நாடியைக் கவனிப்பது எப்படி?

"முன்னாடி 62தான் இருக்கும் சார், இப்போ சும்மா உட்கார்ந்தாலே 80 காட்டுது." கார்டியோநியூரோஅப்லேஷன் (மயக்கம் வராமலிருக்க இதயத்து நரம்பு முடிச்சுகளைச் சுடும் சிகிச்சை) முடிந்து ஹோல்டர், அதாவது நாள் முழுக்க இசிஜி பதியும் சின்ன மெஷின், மாட்ட வருகிறவர்கள் பலரும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். நான் டாக்டர் இல்லை. மெஷினை மாட்டிவிடுவதும், மறுநாள் பதிவை ஓட்டிப் பார்த்து டாக்டர் முன் வைப்பதும்தான் என் வேலை. ஆனாலும் இதை மட்டும் தைரியமாகச் சொல்வேன்: நாடி கொஞ்சம் கூடியிருந்தால் பயப்பட வேண்டாம், சிகிச்சை வேலை செய்கிறது என்றுதான் பொதுவாக அர்த்தம்.

வேகஸ் நரம்புதான் இதயத்தின் கடிவாளம். ஊசியைக் கண்டாலோ, வெயிலில் வரிசையில் நெடுநேரம் நின்றாலோ சிலருக்கு அது அளவுக்கு மீறி இழுத்துவிடும். துடிப்பு சில வினாடி நின்றேபோய் ஆள் விழுவார். இதயத்தின் மேலறைகளை ஒட்டி இருக்கும் நரம்பு முடிச்சுகளைச் சுட்டு அந்தப் பிடியைத் தளர்த்துகிறார்கள். பிரேசிலில் பாச்சோன் குழுவினர் 2005-ல் இதை வெளியிட்டார்கள். போலந்தில் 48 பேரை இரண்டு பிரிவாக்கி 2 ஆண்டு கவனித்ததில், சிகிச்சை எடுத்த 24 பேரில் 2 பேருக்கும், எடுக்காத 24 பேரில் 13 பேருக்கும் மறுபடி மயக்கம் வந்தது. பிடி தளர்ந்தால் ஓய்வு நாடி 10 முதல் 20 வரை கூடுவது சகஜம்.

அதனால் முதல் வேலை, உங்கள் புதிய கணக்கைத் தெரிந்துகொள்வது. காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்கும் முன், காபிக்கும் முன், கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நாலால் பெருக்குவது வேண்டாம். துடிப்பு நடுவில் தவறினால் அதில் தெரியாமலே போய்விடும். எண்ணிக்கையோடு, சீராக இருந்ததா இல்லையா என்றும் எழுதுங்கள். கையில் கட்டும் வாட்ச் வசதிதான், ஆனால் துடிப்பு தாறுமாறாகும்போது அதன் பச்சை விளக்கு தப்பாக எண்ணும். அந்த நேரத்தில் விரலை நம்புங்கள்.

படபடப்பு வந்தால் எண்ணைவிட வந்த விதம்தான் முக்கியம். மாடி ஏறும்போது மெல்ல ஏறி, உட்கார்ந்ததும் மெல்ல இறங்கினால் பெரும்பாலும் இயல்பான வேகம். பேசிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று 150-க்குப் போய், சட்டென்று நின்றால் அது வேறு, துடிப்பின் தாளத்தில் கோளாறாக இருக்கலாம். சீரே இல்லாமல் துடித்தாலும் வேறுதான். முடிந்தால் அது நடக்கும்போதே பக்கத்து கிளினிக்கில் இசிஜி எடுத்துவிடுங்கள். நின்றபிறகு எடுத்தால் ஒன்றும் இருக்காது. அந்தத் தாளை உடனே போட்டோ எடுங்கள். சூட்டில் அச்சாகும் காகிதம், நாளாக நாளாக மங்கிவிடும். பத்திரப்படுத்துகிறேன் என்று லேமினேட் செய்துவிடாதீர்கள். முழுத் தாளும் கறுத்துவிடும். அப்படிக் கறுத்த தாளை ஒரு அப்பா கோப்பிலிருந்து எடுத்து நீட்டினார், நான் என்ன படிப்பது?

சும்மா இருக்கும்போதே 100-க்கு மேல், 24 மணி நேர சராசரியும் 90-க்கு மேல், கூடவே படபடப்பு, களைப்பு என்றால் டாக்டர் நாடியைக் குறைக்கும் பீட்டா பிளாக்கரோ ஐவாபிரடினோ தரலாம். ஐவாபிரடினில் சிலருக்குக் கண்ணில் திடீர் வெளிச்சம் தெரியும். பயந்து நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இடது மேலறையில் சுட்டிருந்தால் கொஞ்ச காலம் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தருவார்கள். பல் பிடுங்கவேண்டும் என்று அதையும் நீங்களாக நிறுத்தக்கூடாது. அதோடு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடாதீர்கள், ரத்தக்கசிவு கூடும். அசித்ரோமைசின், டாம்பெரிடோன், ஒண்டான்செட்ரான் மாதிரி மருந்துகள் இசிஜியில் கியூடி அளவை, அதாவது ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் மின்னேறி மறுபடி தயாராகும் நேரத்தை, நீட்டக்கூடியவை. எழுதித் தருகிறவரிடம் 'எனக்கு இதயத்தில் அப்லேஷன் ஆகியிருக்கிறது' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்: ஓடும்போதோ படுத்திருக்கும்போதோ மயக்கம், முன்னறிகுறி இல்லாமல் விழுவது, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், கை கால் தளர்வு. இடுப்பு மடிப்பில் ஊசி போட்ட இடம் வீங்கினால் அல்லது ரத்தம் வந்தால் படுத்து, யாரையாவது அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கூப்பிடுங்கள். இன்னொன்று மிக அரிது, ஆனால் உயிரையே எடுக்கும்: முதல் இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலோடு விழுங்கும்போது வலி. உணவுக்குழாயில் துளை விழுந்திருக்கலாம். அவசரப் பிரிவில் அப்லேஷன் நடந்ததைச் சொல்லுங்கள்; முதலில் நெஞ்சு சிடி எடுப்பார்கள், எண்டோஸ்கோப்பி அப்போது ஆபத்து.

துடிப்பு நிற்காவிட்டாலும் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம், அதை இந்தச் சிகிச்சை சரிசெய்யாது. தண்ணீர் நிறையக் குடிப்பதும், கண் இருண்டால் கால்களைப் பின்னி இறுக்குவதும், உடனே படுப்பதும் தொடரட்டும். டாக்டர் சரி என்று சொல்லும்வரை பைக் ஓட்டுவதும் ஏணி ஏறுவதும் வேண்டாம்.

சில மாதம் கழித்துக் காலை நாடி சிகிச்சைக்கு முந்தைய பழைய எண்ணுக்கே திரும்பியிருந்தால் நரம்பு மறுபடி வளர்ந்திருக்கலாம். அது மட்டுமே ஆபத்து இல்லை, ஆனால் அடுத்த ஹோல்டருக்கு வரும்போது எழுதிவைத்த நோட்டையும் எடுத்து வாருங்கள். மெஷின் மாட்டியிருக்கும்போது படபடத்தால் மேலே உள்ள பொத்தானை அழுத்தி, மணியைக் குறித்துக்கொள்ளுங்கள்.