மழைக்குப் பிறகு பைக் ஸ்டார்ட் ஆகவில்லையா? உதைப்பதை நிறுத்திவிட்டு பிளக்கைக் கழற்றுங்கள்

இரவெல்லாம் மழையில் நின்ற 100 சிசி பைக் பத்து உதைக்கும் மசியவில்லை என்றால் பதினொன்றாவதுக்கும் மசியாது. உதைக்க உதைக்க உள்ளே பெட்ரோல் சேர்ந்து, பொறி தரும் ஸ்பார்க் பிளக் நனையும். ஒரு கோளாறு இரண்டாகும். இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்ச் இருந்தால் அது ஓடும் நிலையில் இருக்கிறதா, பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, டூல் கிட்டில் உள்ள பிளக் ஸ்பேனரை எடுங்கள். (இங்கே சொல்வது கார்புரேட்டர் வண்டிக்கு.)

கழற்றும் முன் பிளக்கைச் சுற்றியுள்ள குழியில் தேங்கிய தண்ணீரையும் மண்ணையும் ஊதித் துடையுங்கள். இல்லையென்றால் அது நேராக சிலிண்டருக்குள் போகும்.

கழற்றிய பிளக்கின் முனை ஈரமாக, பெட்ரோல் வாசனையோடு இருந்தால் பெட்ரோல் வருகிறது, கரண்ட்தான் சந்தேகம். எரிபொருள் பக்கத்தை விட்டுவிடலாம். டேப்பை மூடி, சோக்கை விலக்கி, ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திருகியபடி ஏழெட்டு முறை உதைத்தால் உள்ளே தேங்கியது வெளியேறிவிடும். இதைச் சாவியை ஆஃப் செய்துவிட்டுச் செய்யுங்கள். பிளக்கைத் துடைத்துக் காயவையுங்கள். கரி படிந்திருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும்.

அடுத்து கரண்ட் சோதனை. பெட்ரோல் ஆவி கலைய ஐந்து நிமிடம் விடுங்கள். பிளக்கை வயர் முனையிலுள்ள கேப்பில் மாட்டி, அதன் மரை இன்ஜின் உலோகத்தில் நன்றாகப் படும்படி, பிளக் துளையிலிருந்து தள்ளி வையுங்கள். கேப்பின் ரப்பரை மட்டும் பிடித்துக்கொண்டு, சாவியை ஆன் செய்து உதையுங்கள். நீல நிறத்தில் சடசடவென்று பொறி வந்தால் சரி. மஞ்சளாக நலிந்து வந்தாலோ, வராமலே போனாலோ மழைக்காலத்தில் முதல் குற்றவாளி பிளக் கேப்தான். உள்ளே ஈரம் புகுந்தால் கரண்ட் பிளக்குக்குப் போகாமல் பாடியில் கசிந்துவிடும். கேப் வயரில் திருகி மாட்டப்பட்டிருக்கும். இடப்பக்கமாகத் திருகினால் கழன்று வரும். வயரின் முனை பச்சை பூத்திருந்தால் 5 மி.மீ. வெட்டிவிட்டுத் திரும்பத் திருகுங்கள். வயரில் வெடிப்பு இருக்கிறதா என்று அறிய இருட்டில் உதைத்துப் பாருங்கள்: கசியும் இடம் மினுக்கும். இவ்வளவுக்கும் பிறகு பொறி இல்லையென்றால் புது பிளக் போட்டுப் பாருங்கள். அதன் பிறகும் இல்லையென்றால் கோளாறு பொறிக்குக் கரண்ட் தரும் காயில், சிடிஐ பெட்டி பக்கம். மெக்கானிக்கிடம் விடுவதே மேல்.

பிளக் காய்ந்திருந்தால் கதை வேறு. பெட்ரோல் வரவில்லை. டேங்க் மூடியைத் திறந்து வைத்து முயன்று பாருங்கள். மூடியிலுள்ள காற்றுத் துளையை மண் அடைத்தால் பெட்ரோல் இறங்காது. அடுத்து கார்புரேட்டரின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் உருண்டால் காரணம் கிடைத்துவிட்டது. எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் ஓரளவுக்கு மேல் சேர்ந்தால் எத்தனாலும் அதோடு பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். அதனால் கார்புரேட்டரை மட்டும் வடித்தால் போதாது, டேங்கையும் வடிக்க வேண்டும். எதுவுமே வடியாவிட்டால் டேப்பிலோ குழாயிலோ அடைப்பு. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்துளையான ஜெட்டை ஊசியால் குத்தாதீர்கள். துளை பெரிதானால் மைலேஜ் போய்விடும், காற்றால் ஊதினாலே போதும்.

திரும்ப மாட்டும்போது பிளக்கைக் கையால் முழுதும் திருகுங்கள். புதிதென்றால் ஸ்பேனரால் அரைச் சுற்று, பழையதென்றால் சற்றே இறுக்கினால் போதும். அலுமினிய ஹெட்டின் மரை போனால் செலவு பெரிது.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் சாவியைத் திருப்பியதும் பம்ப் ஓரிரு வினாடி உறுமும். அது கேட்காவிட்டால் ஃபியூஸையும் பேட்டரியையும் பாருங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12-க்குக் கீழே போனால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். பேட்டரி அடியோடு செத்திருந்தால் பல மாடல்களில் உதைத்தும் பயனில்லை.

வெள்ளம் ஏர் ஃபில்டர் மட்டத்தைத் தொட்டிருந்தால் மேலே சொன்ன எதையும் தொடங்காதீர்கள், செல்ஃபையும் அழுத்தாதீர்கள். தண்ணீர் அமுங்காது; பிஸ்டன் அதை முட்டினால் கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்றிவிட்டு கிக்கரை மெதுவாக மிதித்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஏர் ஃபில்டரை மாற்றி, ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் அதையும் வடித்துப் புது ஆயில் ஊற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.